வரவேண்டாம் என்று நான் சொன்ன பிள்ளை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அன்று வெள்ளிக்கிழமை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர்களும் எங்கள் வார்டு கவுன்சிலரும் உட்கார்ந்து பள்ளிக்கு என்ன தேவை என்று பேசுவார்கள். வழக்கமாக டீ, பிஸ்கட், கையெழுத்து என்று அரை மணியில் முடிந்துவிடுகிற கூட்டம்தான். ஆனால் அந்த முறை ஒரு விஷயம் முடிவாக வேண்டியிருந்தது.

பள்ளியின் பின்பக்கம் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை உண்டு. மாநகராட்சி அதைச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டிருந்தது. அதைச் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி அறையாக்க வேண்டும் என்று எங்கள் தலைமை ஆசிரியை எழுதிக் கொடுத்திருந்தார். அறை கிடைத்தால் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரும் பிசியோதெரபி செய்பவரும் வாரத்தில் இரண்டு நாள் இங்கேயே வருவார்கள். இல்லாவிட்டால் அம்மாக்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வேறு மையத்துக்குப் போக வேண்டும். அலைந்து அலைந்து, போவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், அதே அறையை பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கொசு மருந்து மெஷினும் வைக்கக் கேட்டு வார்டு ஆட்களும் நின்றார்கள். நேரில் பார்த்துவிட்டு எதற்கு என்று சொல்வதாகக் கவுன்சிலர் சொல்லியிருந்தார்.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு வராது. சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு கீழே படுத்துவிடுவாள். அவளுடைய அம்மா பக்கத்து அபார்ட்மென்ட்டில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார். மேலாண்மைக் குழுவில் சிறப்புக் குழந்தையின் பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளியில் அந்த இடத்தில் இருந்தவர் இவர்தான். கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், போவார். அவர் பேசி நான் கேட்டதில்லை.

அதற்கு முந்தைய வருடம், இதே பிள்ளைகளுக்கு நான் இரண்டாம் வகுப்பு எடுத்தபோது, ஓர் அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். இந்தச் சிறுமி எழுந்து போய் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, மூடியைக் கடித்துத் துப்பிவிட்டாள். "கிளாஸ் கன்ட்ரோல் போதாது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர். இருபது வருடம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் வியாழக்கிழமை மாலை, பிள்ளையைக் கூப்பிட வந்த அந்த அம்மாவை கேட் அருகே நிறுத்தினேன். "நாளைக்கு ஸ்கூல்ல ஆளுங்க ஜாஸ்தியா இருப்பாங்கம்மா. பாவம், அவளுக்கு ஒத்துக்காது. ஒரு நாள் வீட்டிலேயே வெச்சுக்கோங்க" என்றேன். என் குரலில் அவ்வளவு கரிசனம், எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. "சரி மிஸ்" என்றார் அவர். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் நிம்மதியாக ரயில் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கவுன்சிலர் வந்தார். பெண்மணி, என் வயதுதான் இருக்கும். போன் காதிலிருந்து இறங்கவே இல்லை. பின்பக்க அறையைப் பார்த்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, எந்தப் பிள்ளைங்களுக்காக இந்த ரூம் கேக்கறீங்க? அவங்களைப் பாக்கலாமே" என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. தலைமை ஆசிரியை முன்னே போக, அந்த அம்மா உட்பட குழு முழுவதும் பின்னால் வந்தது.

முதல் வகுப்பில் ஒரு பையன். இன்றைக்கு வரவில்லை என்றார் டீச்சர். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர். இரண்டு பேருமே லீவு. கடைசியாக என் வகுப்பு. என் சுவரில் புதிதாக ஒட்டிய சார்ட்டுகள், தலை வாரி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். கவுன்சிலர் எதையும் பார்க்கவில்லை. "இங்கேயும் இல்லையா? நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. நாலு பேருக்கும் இன்னைக்கே காய்ச்சலா? இல்ல, பேப்பர்ல மட்டும்தான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

கூட வந்த வார்டு ஆள் சந்தோஷமாக, "அப்ப மூட்டைய எறக்கிடலாம் அக்கா" என்றார்.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உண்மை வெளியே வந்துவிடும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறை கைவிட்டுப் போவது அவருக்குத் தெரியும். மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் அது வேண்டும். ஆனாலும் டீச்சரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட அவமானம் போல வாழ்நாளில் ஏற்பட்டதில்லை.

"நான்தாங்க வரவேண்டாம்னு சொன்னேன்" என்றேன். "அவளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லைங்க. நீங்க வர்ற நாள்ல கிளாஸ் பாக்க நல்லா இருக்கணும்னு நெனச்சேன்."

முப்பது பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். வாசலில் நின்ற ஐந்தாம் வகுப்பு டீச்சர், தரையைப் பார்த்தபடி, "நானும் அப்படித்தான் மேடம்" என்றார். நாங்கள் பேசிவைத்துச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக அதே காரியத்தைச் செய்திருக்கிறோம்.

கவுன்சிலர் போனை அணைத்துக் கைப்பையில் போட்டார். அந்த அம்மாவிடம், "வீடு எங்கம்மா?" என்றார்.

"இங்கதான் மேடம், ரெண்டு தெரு தள்ளி. பக்கத்து வூட்ல உட்டுட்டு வந்துகீறேன்."

"போய் கூட்டிட்டு வாங்க. நான் இருக்கேன்."

பத்து நிமிடத்தில் வந்தாள். யூனிபார்ம் இல்லை, வீட்டில் போடும் பூப்போட்ட கவுன், ஒரு காலில் மட்டும் செருப்பு. வகுப்பு முழுக்கப் பெரியவர்களைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். வாசற்படியிலேயே படுத்துவிட்டாள். 'பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னேன்' என்று என் மனசின் ஒரு மூலை முணுமுணுத்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. நான் மேஜையைத் தட்டித் தட்டிக் கை வலித்தாலும் அடங்காத என் வகுப்பு, யாரும் சொல்லாமலே கப்சிப்பென்று ஆனது. ஒரு பெண் பெஞ்சில் ஏறி சுவிட்சை எட்டி மின்விசிறியை நிறுத்தினாள். அது கடகடவென்று ஓடும், இவளுக்கு ஆகாது. ஜன்னலோர பெஞ்சில் இருந்த இருவர் நகர்ந்து, அவள் எப்போதும் உட்காரும் இடத்தைக் காலியாக்கி, ஒரு பாட்டில் மூடியை எடுத்து அங்கே வைத்தார்கள். ஜூலை மாதப் புழுக்கத்தில் எல்லோரும் வியர்த்து வழிய அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மூடியைச் சுழற்ற ஆரம்பித்தாள். அதன்பிறகே பிள்ளைகள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள்.

"இது நீங்க சொல்லிக் கொடுத்ததா டீச்சர்?" என்று கவுன்சிலர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க. எப்ப கத்துக்கிட்டாங்கன்னு எனக்கே தெரியாது" என்றேன். சத்தியமான உண்மை. தினமும் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் அதை வகுப்பில் நேரும் தொந்தரவு என்று நினைத்துப் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறேன். என் வகுப்பில் காட்டுவதற்கென்று இருந்த ஒரே நல்ல விஷயத்தைத்தான் நான் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தேன்.

அறை எங்களுக்கே என்று அன்றே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் கவுன்சிலர். பெயின்ட் அடித்துக் கைக்கு வர ஆறு மாதம் ஆனது வேறு கதை.

எல்லோரும் போனபின் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஓடினேன். 'பரவாயில்லை மிஸ்' என்று சொல்வார், மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நேத்து நீங்க சொல்லசொல்லோ எனக்கு கோவமே வர்ல மிஸ். கல்யாணம், காதுகுத்து, எல்லாத்துக்கும் எல்லாரும் சொல்றதுதான், கொயந்தைய இட்டுனு வராதன்னு. பயகிப்போச்சி. இன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி நீங்களே தப்புன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் கோவம் வந்துச்சி. இன்னும் கீது."

சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில், கையெழுத்துப் போடும் முன் நோட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ரூமு வேல ஏன் இன்னும் ஆரம்பிக்கல?" என்று முதல் முறையாக வாய் திறந்து கேட்டார்.

எத்தனையோ அம்மாக்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. தன் பிள்ளைக்காகக் கோபப்படலாம் என்பதே ஒரு தாய்க்கு மறந்துபோகும் அளவுக்கு, எத்தனை பேர் எவ்வளவு அன்பான குரலில் அவரிடம் 'வரவேண்டாம்' என்று சொல்லியிருப்போம் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.