இரண்டு விரற்கடை

படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடைக்காரருக்குத் தெருவில் 'அளவு' என்றுதான் பெயர். இருபத்தாறு வருடத்தில் ஒரு சட்டமும் திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். படத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தே வேலை செய்து பழகியவர்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், இறந்துபோன தங்கை வரைந்த கான்வாஸைக் கொண்டுவந்தார். ஒரு மண்பாதை, இருபுறமும் மரங்கள். எல்லாமே சின்னச் சின்னச் சாயத் திட்டுகள்.

"கிட்டப் பாத்தா ஒண்ணும் புரியாது தம்பி. பத்தடி தள்ளி நின்னு பாருங்க."

"பத்தடி தள்ளி நின்னா ஆணி எப்படிக்கா அடிக்கிறது?"

சட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அளவு தப்பிவிட்டது. இரண்டு விரற்கடை குறைவு. நல்ல மரம். வேறு செய்ய மனம் வரவில்லை. தப்பிவிட்டது என்று ஒத்துக்கொள்ள அதைவிட மனம் வரவில்லை. இடது ஓரத்தில் கொஞ்சம் புல்லும் ஏதோ நீலக் கறையும்தானே? வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து ஆணியடித்தார்.

மறுநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, வாசலிலிருந்தே மேசைமேல் சாய்ந்திருந்த, படத்தில் வெட்டிய துண்டைப் பார்த்தாள்.

"யாருங்க அந்தப் பொம்பள, குடை பிடிச்சிட்டுப் போறா?"

"பொம்பளயா? அது கறைடி."

"கறைக்கு எதுக்குங்க குடை?"

அவர் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். நீலக் குடையோடு ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். கிட்டே வந்தார்; மூன்று திட்டு. துண்டை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்து சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "கை சுத்தம், தம்பி." உடனே தாளில் சுற்றிக் கொடுத்திருக்கலாம். வயதான கண், வீட்டில் போய்க் கவனிக்காமலும் போகலாம். அதற்குள் நர்ஸம்மா படத்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்க ஆரம்பித்தார். ஓர் அடி. இரண்டு. மூன்று.

"அக்கா, நில்லுங்க."

இழுப்பறையைத் திறந்தார். நர்ஸம்மா துண்டைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"நான்தான் இது. டியூட்டிக்குப் போறேன். அவள படிக்க வச்ச சம்பளமெல்லாம் இந்தப் பாதையில நடந்து வாங்கினதுதான்."

"தெரிஞ்சு வெட்டலக்கா..." பாதிதான் உண்மை என்பதால் அங்கேயே நிறுத்தினார். "அளவு தப்பிடுச்சு. அத மறைக்கத்தான் வெட்டினேன்."

"ஒட்ட முடியுமா?"

"பின்னாடி துணி வச்சு ஒட்டலாம். ஆனா கோடு தெரியும்."

"தெரியட்டும். யாரு வெட்டினதுன்னு கேட்டா உங்க கடையக் காட்டுறேன்." அவர் சிரிக்கவில்லை.

துண்டை ஒட்டி, மூன்று தடவை அளந்து புதுச் சட்டம் போட்டார். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றார். பாதை சேர்ந்தது, மரங்கள் சேர்ந்தன, குடையும் நடந்தது. அவர் கண்ணுக்குக் கோடுதான் முதலில் தெரிந்தது. இன்னும் பின்னால் போனார். தெருவுக்கே வந்துவிட்டார்.

"ஓரமா நில்லுங்க அளவு!" என்று ஒரு சைக்கிள்காரர் மணியடித்தார்.

அங்கிருந்தும் கோடு தெரிந்தது.