லாசரோ கற்றுக்கொண்ட சொல்

லாசரோ குவாமானுக்கு அந்த ஸ்பானிஷ் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதற்காக என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

சிம்போராசோ மலையிலிருந்து இறங்கி எங்கள் நகராட்சி ரோடு வேலைக்கு வந்தபோது அவனுக்கு மலைக்காரர்கள் பேசும் கிச்சுவா தவிர வேறு பாஷை தெரியாது. மேஸ்திரி "பலாங்கா!" என்று கத்துவார், இவன் முழிப்பான். நான் கடப்பாரையை அவன் கையில் கொடுத்து, பாறைக்கு அடியில் செருகிக் காட்டினேன். இரண்டே நாளில் என்னைவிட நன்றாக நெம்பினான்.

நான் ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. அடுத்த நிரந்தர வேலை எனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பாஷை பழகியதும் ஒருநாள் லாசரோ கேட்டான்: "ஏண்ணே, உங்களை இன்னும் நிரந்தரம் பண்ணலை?"

"அதுக்குப் பலாங்கா வேணும்டா."

"கையிலதான் இருக்கே!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். "இது இரும்புடா, மண்டு. நான் சொல்றது ஆபீசுல நமக்காகப் பேசற பெரிய மனுஷன்."

அவன் சிரிக்கவில்லை.

அவனுக்கு மகன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் நான்தான் என்று பேச்சு. என் மனைவி ஹுவானா குழந்தைக்குத் தொப்பிகூடப் பின்னிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை லாசரோ பன்னிரண்டு வறுத்த கினிப்பன்றிகளும் உருளைக்கிழங்குமாகக் கூடையைச் சுமந்துகொண்டு என் வாசலைத் தாண்டி, நகராட்சி இன்ஜினியர் வில்லாகோமேஸ் வீட்டுக்குப் போனான். எங்கள் ஊர் வழக்கப்படி கூடையை வாங்கிவிட்டால் ஞானத்தகப்பன். பிறகு இரண்டு குடும்பமும் ஒன்று. இன்ஜினியர் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் வந்த ஒரே நிரந்தர வேலை லாசரோவுக்குப் போனது. இரண்டு வருஷத்தில் எனக்கே மேஸ்திரி ஆனான். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

போன மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தது. ஹுவானா பன்னிரண்டு கினிப்பன்றி வறுத்துக் கூடையை நீட்டினாள்.

"அந்த லாசரோகிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"உன் ரோஷத்தையா இவளுக்கு ஊட்டறது? போய்யா."

போனேன். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினேன். "ஐயா, என் மகளுக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா இருக்கணும்" என்றேன்.

கூடையை வாங்கிக்கொண்டான். 'என்னண்ணே, ஐயாங்கறீங்க?' என்று கேட்பான் என்று வாசலிலேயே நின்றேன். கேட்கவில்லை.