வெண்டலின் காரில் இருந்த மர ஆணி

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரை மேட்டில் இருக்கும் டலூத் ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் மறை கழன்றிருக்கும். வருடத்தில் ஆறு மாதம் பனி. மீதி ஆறு மாதம் வண்டி ஓட்டலாம் என்றால் ஊரே ஏரியை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. மேட்டு சிக்னலில் இன்ஜின் நின்றுபோனால் கார் பின்னால் உருண்டு, அடுத்தவன் பம்பரில் போய் உட்காரும். இது தெரிந்தும், கூரை மடக்குகிற, இரண்டே இருக்கையுள்ள, ஐம்பது வயதான காரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று ஒரு பன்னிரண்டு பேர் அடம் பிடிக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஓட்டலில் ஒன்றாக உட்கார்ந்து பான்கேக் தின்றுகொண்டே அந்தக் கார்களைப் பற்றிப் புலம்புவார்கள்.

அந்தப் பன்னிரண்டு கார்களுக்கும் வைத்தியர் ஆர்விட் கோஸ்கெலா. இரும்புத்தாது ரயில்களின் இன்ஜின் ஷெட்டில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபின்லாந்து வம்சம். அவர் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தை சொல்வதற்குள் எதிரில் இருப்பவர் அரைக் கோப்பை காபி குடித்துவிடலாம். வாய்க்கும் சேர்த்துக் காதுக்கே கொடுத்துவிட்டான் கடவுள் என்று சிநேகிதர் வெண்டலின் மனைவி லவோன் கிண்டல் செய்வாள். இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு உள்ள கார்களில், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் அணையாமல் ஓடுவது, நிலையாக நிற்கும். அதைப் பார்க்கக் கருவி இருக்கிறது. ஆர்விட் அதைத் தொடமாட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் இரண்டடி வெட்டி வைத்திருந்தார். ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். இந்தப் பக்கம் ‘ஸ்ஸ்’, அந்தப் பக்கம் ‘ஸ்ஸ்’. இரண்டும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்புவார். அந்தக் காதைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

வெண்டல் டாலெஃப்சன் ஆர்விட்டுக்கு நாற்பது வருடச் சிநேகிதர். வெண்டலுக்கு ஒரு பச்சைக் கார் இருந்தது. இரண்டு வருடமாக வலது கை நடுக்கமும் இருந்தது. கோப்பையைத் தூக்கினால் காபி தளும்பும். சனிக்கிழமை மேஜையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்தவன் உடம்புக்கு என்ன என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. குளிரைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அந்த வழக்கத்தை உடைத்தவர் ஆர்விட்தான், அதுவும் வாயே திறக்காத ஆர்விட்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை அது. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த கார்களெல்லாம் வெளியே வந்திருந்தன. வெண்டலின் கார் ஓட்டல் வாசலில் வந்து நின்றபோது அதன் சத்தம் உள்ளே கேட்டது. இன்ஜின் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு இருமி நின்றுபோனது.

"என்னப்பா, உன் வண்டிக்கு இழுப்பா?" என்றான் டுவைட். அந்த மேஜையின் வாயாடி அவன்.

"ஐடிலிங் நிக்க மாட்டேங்குதுப்பா. வர்ற வழியில மூணு சிக்னல்ல ஆஃப். லவோன் வேண்டாத சாமி இல்ல" என்றார் வெண்டல். ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை. "கார்புரேட்டர் ரெண்டையும் நானே கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். குளிர்காலம் பூரா அதான் வேலை. எங்க தப்பு விட்டேன்னுதான் தெரியல."

ஆர்விட் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "அந்தக் கையை வச்சுக்கிட்டா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கையால கார்புரேட்டரைத் தொட்டா வண்டி இப்படித்தான் ஓடும். இதுல தேடுறதுக்கு என்ன இருக்கு?" என்று முடித்தார்.

வெண்டல் தன் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்று சிரித்தார். அன்று அவர் இடது கையாலேயே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஆர்விட்டின் ஷெட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்தது லவோன்.

"அவன் வரலையா?" என்றார் ஆர்விட்.

"டிவி பாக்குறாரு. காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும்." அவள் சாவியைப் பெஞ்சில் வைத்தாள். "டூல் பெட்டிய நேத்து சர்ச் ஏலத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. நீங்க சொன்னது சரிதானாம்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஒண்ணு சொல்லட்டுமா ஆர்விட்? வலது மணிக்கட்டை இடது கையால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவா மாட்டினாரு. ஒரு ஸ்க்ரூவுக்கு அரை மணி நேரம். பக்கத்துல நின்னு விளக்குப் புடிச்சது நான்."

அவள் போனதும் ஆர்விட் வேலையில் இறங்கினார். வெண்டல் விட்ட தப்பைக் கண்டுபிடித்து, பக்குவமாகச் சொல்லிச் சமாதானமாகிவிடலாம் என்று பானட்டைத் திறந்தார். குழாயைக் காதில் வைத்தார். இந்தப் பக்கம் ‘ஸ்ஸ்’. அந்தப் பக்கமும் அதே ‘ஸ்ஸ்’. காது போய்விட்டதோ என்று சந்தேகம் வந்து அடுத்த காதில் வைத்துக் கேட்டார். இம்மி பிசகவில்லை. மூடிகளைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவை இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது. ஸ்க்ரூ தலைகளில் ஒன்றில்கூடச் சிராய்ப்பு இல்லை. ஆர்விட் மாட்டினாலே ஒன்றிரண்டு சிராய்க்கும்.

கார்புரேட்டர் சரி, ஆனால் இன்ஜின் ஏறி இறங்குகிறது. அப்படியென்றால் எங்கோ ஒரு ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. கிளீனர் ஸ்பிரேயை எடுத்து, ஒவ்வொரு இணைப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். ஓட்டை இருக்கும் இடத்தில் பட்டால் இன்ஜின் குரல் மாறும். ஹீட்டர் குழாய்க்கு அடியில் அடித்தபோது குரல் மாறியது. கையை விட்டுத் துழாவினார். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டிய மெல்லிய ரப்பர் குழாய், அதில் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு சிவப்பு மர ஆணி.

கோல்ஃப் பந்தை நிறுத்திவைக்கும் ஆணி அது. டைமிங் வைக்கும்போது, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்யும்போது, அந்தக் குழாயைக் கழற்றி எதையாவது வைத்து அடைக்க வேண்டும். அதற்குக் கோல்ஃப் ஆணிபோல வாகானது எதுவும் கிடையாது. அங்கே எல்லா மெக்கானிக்கிடமும் நாலு கிடக்கும். ஆனால் தங்க எழுத்தில் சர்ச் பெயர் போட்ட சிவப்பு ஆணி ஒருவரிடம்தான் உண்டு. கோல்ஃப் மட்டையையே தொடாத ஆர்விட், சர்ச் நடத்திய கோல்ஃப் பந்தயத்தில் ஒரு பிடி அள்ளிவந்திருந்தார்.

அக்டோபர் கடைசியில், பனி விழப்போகிறது என்ற அவசரத்தில் அவர்தான் இந்தக் காருக்கு டைமிங் வைத்தார். லவோன் பேரீச்சம்பழ இனிப்பு செய்திருக்கிறேன் என்று கூப்பிட்டாள். பானட்டை மூடிவிட்டுப் போய்ச் சாப்பிட்டார். மூன்று துண்டு சாப்பிட்டது இப்போது நினைவு வந்தது. அதன்பின் கார் நாலு தெரு ஓடி ஷெட்டில் படுத்துவிட்டது. குளிர்காலத்தில் மரம் காய்ந்து பிளந்து, பிளவு வழியாகக் காற்று இழுத்திருக்கிறது.

ஆணியைப் பிடுங்கிக் குழாயை மாட்டினார். இன்ஜினின் ஏற்ற இறக்கம் அடங்கி ஒரே குரலில் ஓடியது. அத்தனை சுத்தமான ஐடிலிங்கை அவர் கேட்டுப் பல வருடம் ஆகிறது. கேட்கக் கேட்க அவமானமாக இருந்தது. ஷெட்டில் தனியாக நின்றுகொண்டு முகம் சிவந்தார்.

செவ்வாய்க்கிழமை காரைக் கொண்டுபோய் விட்டபோது வெண்டல் வாசலுக்கு வந்தார்.

"என்ன கண்டுபிடிச்ச?"

ஆர்விட்டின் விரல்கள் சட்டைப் பையில் அந்த ஆணியைப் பிடித்திருந்தன. "சின்ன ஏர் லீக். சரி பண்ணிட்டேன்."

"நான் விட்டதுதானே?"

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் ஆர்விட்.

வெண்டல் அவர் தோளில் தட்டினார். "சொல்ல வேணாம்ப்பா, புரியுது. நீ நல்லவன். எனக்காக மூடி மறைக்கிற."

அந்த ‘நல்லவன்’ ஆர்விட்டைச் சாப்பிடவிடவில்லை. புதன்கிழமை டெலிபோனை எடுத்து, பேசாமலே திரும்ப வைத்தார். வியாழக்கிழமை வெண்டல் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினார். பன்னிரண்டு பேர் எதிரில் சொன்ன பழியை அந்தப் பன்னிரண்டு பேர் எதிரில்தான் எடுக்க வேண்டும், சனிக்கிழமை சொல்கிறேன் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் செய்துகொண்டார். பயத்துக்குத்தான் அப்படி நல்ல சட்டை மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை வெண்டலை லவோன் தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள்.

"பச்சை எங்கப்பா?" என்றான் டுவைட்.

"வியாழக்கிழமை வித்துட்டேன். ஃபார்கோ ஊர்லேர்ந்து ஒருத்தன் வந்தான். சின்னப் புள்ள மாதிரி அதைச் சுத்திச் சுத்தி வந்தான்." வெண்டலின் வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது. "மேட்டுல நின்னு யாரையாவது இடிச்சுக் கொல்றதுக்கு முன்னால விட்டுட்டேன்."

ஆர்விட் ஆணியை எடுத்து வெண்டலின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தங்க எழுத்து மேலே தெரிந்தது. அது யாருடையது என்று அந்த மேஜையில் எல்லோருக்கும் தெரியும்.

"இது உன் வண்டியில இருந்துது. அக்டோபர்ல நான் விட்டது. லீக் இதுதான். உன் கை இல்ல."

வெண்டல் இடது கையால் அதை எடுத்துப் பிளவைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை இது எங்க இருந்துது?"

"என் பையில."

"நான் விட்டதுதானேன்னு கேட்டேனே, அப்போ?"

"அப்பவும் பையிலதான்."

வெண்டல் ஆணியை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். "கார்புரேட்டர்?"

"ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். நான் பண்ணியிருந்தா அவ்வளவு சுத்தமா வந்திருக்காது."

"அதை டுவைட்டுக்குக் கேக்குற மாதிரி சொல்லு. அவனுக்குக் காது மந்தம்."

டுவைட்டின் காது நன்றாகத்தான் கேட்கும். ஆர்விட் எழுந்து நின்றார். வாழ்நாளில் கூட்டத்தில் நின்று பேசியறியாதவர், பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி முழுவதையும் மறுபடி சொன்னார். சொல்லும்போது குரல் ஏறி இறங்கியது. சொல்லி முடித்ததும் வெண்டல் ஆணியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வலது கையை மேலே எடுத்துக் கோப்பையைத் தூக்கினார். பாதிக் காபி மேஜையில் சிந்தியது. மீதியைக் குடித்தார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வாரமும் ஆர்விட் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் சனிக்கிழமைதோறும் பான்கேக் வந்ததும் ஒரே செய்தியைச் சொல்கிறார்.

"ஃபார்கோக்காரன் போன் பண்ணான். ஐடிலிங் அப்படியே நிக்குதாம். கார்புரேட்டர் வேலை பாத்த ஆளு யாருன்னு கேக்குறான்."

ஆர்விட் தட்டைப் பார்த்துக்கொண்டு, "உன் பேரைச் சொன்னியா?" என்று கேட்பார். வெண்டல் ஒவ்வொரு வாரமும் சொன்னேன் என்பார்.