வெள்ளைத் துணியில் துடைத்த கத்தி

உருகும் மெழுகுவர்த்தியில் விளக்கெண்ணெய் விழுந்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் கோயில், கொஞ்சம் ஆஸ்பத்திரி. சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அந்த வாசனைதான்...

விருதுநகரில் நான் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்த காலம். அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டினாள். வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரும்பு கூடாது, உரசினால் பொறி வரும். அதனால் பித்தளைக் கத்தி. பித்தளை சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி திரியை வெட்டாது, நசுக்கும். வீடு திரும்பும்போது அம்மாவின் கட்டைவிரல் வீங்கியிருக்கும்.

அதற்காகத்தான், கத்தி தீட்ட ஒரு சிவப்புக் கட்டியைச் செய்ய ஆரம்பித்தேன்.

சிமென்ட் தரைக்குப் போடுவார்களே, ரெட் ஆக்சைடு பவுடர், அதுதான் சரக்கு. அப்படியே போட்டால் உதவாது. அதிலுள்ள குருணை கத்தியைக் கீறிவிடும். தண்ணீரில் கலக்கி, குருணை அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே நிற்கும் செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்தெடுக்க வேண்டும். அது தெளிந்து காய்ந்தால், முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி ஒரு தூள். உருகிய மெழுகில் அதைக் கொட்டி, எண்ணெய் சில சொட்டு விட்டு, காலித் தீப்பெட்டிக்குள் ஊற்றிவிடுவேன். ஆறியதும் கட்டி. அதைப் பழைய தோல் பெல்ட்டில் தேய்த்து, சாணைக்கல் பார்த்த கத்தியை அதன்மேல் முதுகுப்பக்கமாக இழுத்தால்... பிறகு திரி வெட்டுகிற சத்தமே மாறிவிடும் என்று அம்மா சொல்வாள்.

நான் படித்த படிப்பு அந்த வீட்டுக்கு உதவியது அது ஒன்றில்தான்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அதே கம்பெனியில் போர்மேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வீட்டுக் கறிக்கத்தியைக் கொண்டுவந்துவிடுவார்.

"ஏலே மருமகனே, போன வாரம் கறி வெட்டுனேன் பாரு. ஆட்டுக்கே தெரிஞ்சிருக்காதுலே."

"செத்த ஆட்டுக்கு என்னத்தத் தெரியும் தம்பி?" என்பாள் அம்மா அடுப்படியிலிருந்து.

ஒன்றில் மட்டும் அம்மா கறார். தீட்டிய கத்தியில் ஒரு குருணை ஒட்டிக்கொண்டு கம்பெனி ஷெட்டுக்குள் போனாலும் ஆபத்து. அதனால் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, இரவெல்லாம் காயவிட்டு, காலையில் பழைய வெள்ளை வேட்டித் துணியில் துடைப்பாள். துணியை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். துளி சிவப்பு தெரிந்தாலும் மறுபடி கழுவுவாள். கடைசியில் என்னிடம் நீட்டுவாள்.

"நீயும் பாருய்யா."

அந்தத் தீபாவளி சீசனில், அன்றைக்குக் காலையிலும் பார்த்தேன். துணி வெள்ளையாகத்தான் இருந்தது.

மத்தியானம் அம்மா இருந்த ஷெட்டில் திரிக்கட்டு தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அம்மாவின் வலது கைதான்... விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

ஆர்டர் நெருக்கடிக்காக அந்தச் சின்ன ஷெட்டுக்குள் அளவுக்கு மேல் ஆளையும் திரியையும் அடைத்திருந்தார்கள். அடைக்கச் சொன்னவர் மாமா. விசாரிக்க வந்தவர்களிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில், என் எதிரிலேயே, அவர் சொன்னது இது:

"எங்கக்கா வீட்டுலயே என்னத்தையோ தேச்சுக் கத்தியத் தீட்டிக்கிட்டு வரும். அதுல மண்ணு இருந்திருக்கும். கம்பெனி என்ன செய்யும்?"

உள்ளே கட்டிலில் அம்மா விழித்துத்தான் இருந்தாள்.

மாமாவின் வேலை நிலைத்தது. அம்மாவுக்குப் போனது. 'படிச்ச பய என்னத்தையோ கலந்து குடுத்தானாம்' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மாமாவோடு பேசுவதை விட்டேன். அம்மா பேசினாள். வருடா வருடம் பொங்கலுக்கு அவர் கொண்டுவந்த சீரையும் வாங்கிக்கொண்டாள். அதையும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் என்னை அரித்தது வேறு. அதன்பிறகு அம்மா வீட்டில் எந்தக் கத்தியையும் என்னைத் தீட்டவிடவில்லை. இடது கையால், மழுங்கிப்போன அரிவாள்மனையில் வெண்டைக்காயை நசுக்கி நசுக்கி நறுக்குவாள். "குடும்மா, தீட்டித் தாரேன்" என்பேன்.

"இருக்கட்டும்யா. இதுவே போதும்."

என்மேல் சந்தேகமா... அந்தச் சிவப்பைக் கண்டாலே கை எரிந்ததா... கேட்டிருக்கலாம். 'ஆமாய்யா, கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கும்' என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே வருடங்கள் போய்விட்டன. போன பங்குனியில் அம்மாவும் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா வந்தார். கம்பு ஊன்றிய நடை. கையில் பேப்பர் சுற்றிய பொட்டலம். பிரித்தால், அதே கறிக்கத்தி.

"மருமகனே, அந்தச் செவப்புக் கட்டி இன்னும் செய்வியா? எங்கன குடுத்தாலும் அம்புட்டுக் கூரு வரல."

"மண்ணு ஒட்டியிருக்குமே மாமா."

அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். "உன் தூள்ல ஏதுய்யா மண்ணு? எனக்குத் தெரியாதா? அன்னைக்கு என் பொழப்பு போயிரும்னு..."

"அம்மாட்டச் சொன்னீகளா?"

"அக்காவுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"சொன்னீகளான்னு கேக்கேன்."

மாமா பேப்பரை மறுபடி சுற்றினார். நான் கத்தியை வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

பழி சொன்னவர் அதை ஒருநாளும் நம்பவில்லை. அம்மா நம்பினாளா என்பதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

நேற்று இணையக் குழுவில் நண்பர் ஒருவர் படம் போட்டு விசாரித்திருந்த, கத்தி தீட்டுகிற பச்சைக் கட்டியை நானும் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. கலக்க வேண்டாம், வடிக்க வேண்டாம். வாசனையும் கிடையாது. நல்ல பொருள்தான், வாங்கலாம்.

காய் நறுக்குகிற கத்தியை அதில் தீட்டியபின் வெந்நீர், சோப்பு, வெள்ளைத் துணி. "வெங்காயம் வெடிச்சிரவா போகுது?" என்று மனைவி முன்பெல்லாம் கேலி செய்வாள். இப்போது கேலி செய்வதில்லை.

பால்கனி வெயிலில் துணியைப் பிடித்துப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது...

நீயும் பாரேம்மா.