ஆறாம் வீட்டுக்கு இரண்டு குடம்

மூன்று மாதத்து நற்செயல்களை நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் மாலை நாலரைக்கு எழுந்தேன். கையில் நான்கு பேனாக்கள் இருந்தன. இரண்டு நீலம், ஒன்று கறுப்பு, இன்னொன்று மை தீரும் நிலையில் இருந்த நீலம். மை தீரும் பேனாவை அடைமழை நாட்களின் தேதிகளுக்கு என்று ஒதுக்கினேன். சில பக்கங்களின் ஓரத்தில் ஈரவிரலால் தடவி, காயவிட்டு, பிறகு மூடினேன். பதினைந்து வயதில் இவ்வளவு யோசித்திருக்கிறேன் என்பது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சாரணர் இயக்கத்தில் இருப்பவன் நாளுக்கு ஒரு நற்செயலாவது செய்து அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். காலையில் சீருடை போடும்போது கழுத்துத் துணியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும், நற்செயல் செய்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்றும் எங்கள் பள்ளியின் சாரணர் சார் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் பள்ளிக்குப் போகும் ஜீப்பில் ஏறியதும் அவிழ்த்துவிடுவேன். மறந்துபோனால் வகுப்பில் கேலி செய்வார்கள்.

மற்றவற்றில் நான் ஏமாற்றவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்பது வகை முடிச்சுப் போடுவேன். நனைந்த விறகில் இரண்டு தீக்குச்சிக்குள் அடுப்பு மூட்டுவேன். உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவேன். சோபான் என்று சொல்லும் மூன்று படிநிலைகளுக்கான பட்டைகளையும் அப்படித்தான் ஒவ்வொன்றாக வாங்கிச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது மாநில விருது. அது கிடைத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கிரேஸ் மார்க் உண்டு. கணக்கில் நான் மோசம். அந்த மதிப்பெண் இல்லாமல் ப்ளஸ் ஒன்னில் சயன்ஸ் கிடைக்காது என்று எனக்கும் தெரியும், தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலையில் இருந்த அப்பாவுக்கும் தெரியும். விருதுத் தேர்வுக்குக் குறிப்பேட்டைக் காட்ட வேண்டும். என் குறிப்பேட்டில் மூன்று மாதம் வெறுமையாக இருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் கேரளத்தில், சாந்தன்பாறையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். தொழிலாளர் லயத்தில் வரிசையாகப் பத்து வீடுகள், எங்களுடையது மூன்றாவது. ஆறாவதில் ஓர் அத்தை இருந்தார். ரத்த உறவு இல்லை, முறைக்கு அத்தை. கொளுந்து மூட்டையோடு சரிவில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர், கம்பு ஊன்றி நடப்பார். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. குழாய் லயத்துக்குக் கீழே முப்பத்து நான்கு படி இறங்கினால்தான். குடம் தூக்கக் கூடாது என்று தோட்டத்து டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததால், லயம் கூட்டும் அக்காவே தினமும் காலையில் அவருக்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது தோட்டத்தின் ஏற்பாடு. மற்ற பெண்களும் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். கேட்பது அத்தையின் வழக்கம் இல்லை.

அந்த இரண்டு குடத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். 'இன்று ஆறாம் வீட்டு அத்தைக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்து கொடுத்தேன்' என்று எழுபத்தொரு நாளுக்கு எழுதினேன். தினமும் புதிதாக ஒன்றை யோசிக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் லயத்தில் ஆண்பிள்ளை குடம் தூக்க மாட்டான். விறகு வெட்டுவான், சிலிண்டர் தூக்குவான், குடத்தைத் தொட மாட்டான். அப்படியிருக்க ஒருவன் தூக்கினான் என்றால் படிப்பவருக்கு உறைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்த விவரம் செய்தியாகும் என்ற புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

சாருக்கு உறைத்தது. ஆசிரியர் அறையில் குறிப்பேட்டைப் புரட்டியவர், பக்கத்து மேசையில் இருந்த மலையாள டீச்சருக்கு இரண்டு பக்கங்களை மலையாளத்தில் சொல்லிக் காட்டினார். டீச்சர் என்னைப் பார்த்து "மிடுக்கன்", கெட்டிக்காரன், என்றார். விருதுக்கான விண்ணப்பத்தோடு சேவையை உறுதிப்படுத்தி உள்ளூர்க்காரர் ஒருவரின் கடிதம் வைக்க வேண்டுமாம். தோட்டத்து வெல்ஃபேர் ஆபீசரிடமே வாங்கிவிடலாம் என்றார் சார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையில் சுருக்கம் விழாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீசரின் ஜீப் லயத்துக்கு வந்தது. ஆபீசர், சார், சீருடையில் நான். அத்தை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வட்டவடைப் பூண்டு, மடி நிறையத் தோல். எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொல்லிவிட்டு சார் கேட்டார்.

"இந்தப் பையன் எழுபது நாளா உங்களுக்குத் தினமும் தண்ணி கொண்டாந்து குடுக்கிறானாம்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். பார்வை சட்டைக் கையில் இருந்த பட்டைகளுக்குப் போய், கழுத்துத் துணிக்கு வந்து, முகத்துக்கு வந்தது. நான் அவர் காலடியில் கிடந்த பூண்டுத் தோலைப் பார்த்தேன்.

"ஆமா சார்" என்றார்.

"எல்லா நாளும் கொண்டு வருமா?" ஆபீசர் தன் தமிழில் கேட்டார்.

"எல்லா நாளுந்தான். ரெண்டு குடம்."

சார் நீட்டிய தாளில் அத்தை தன் பெயரைக் கூட்டெழுத்து இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஆபீசர் கீழே கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். ஜீப்பில் ஏறுவதற்கு முன் தன் கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டார். அது என்னவென்று அன்று நான் யோசிக்கவில்லை.

அத்தை ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னாளில் பல காரணங்களை நினைத்திருக்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாள் உடன் இருந்தது என் அம்மா. சீருடை போட்ட பிள்ளையை வெளியாட்கள் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வராமல் இருந்திருக்கலாம். அல்லது தண்ணீர் எப்படியும் வருகிறது, யார் பெயரில் வந்தால் என்ன என்று நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. பத்திரிகையில், கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் வேலையில் பத்து வருஷமாக இருக்கிறேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை லயம் கூட்டும் அக்காவை மேல் டிவிஷனுக்கு மாற்றினார்கள். இந்த லயத்தில் கூட்டும் வேலையை ஒருநாள் விட்டு ஒருநாள் வேறு ஆள் வந்து பார்ப்பார், ஆறாம் வீட்டுத் தண்ணீருக்கு ஆள் தேவையில்லை, பள்ளிக்கூடப் பையன் கொண்டு வருகிறான் என்று ஆபீஸில் சொன்னார்களாம். இதை அம்மா சமைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். எந்தப் பையன் என்று அப்பா கேட்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

புதன்கிழமை மாலை பள்ளி விட்டு வரும்போது அத்தை வாசலில் இருந்தார். இரண்டு குடமும் அவர் பக்கத்தில் கவிழ்ந்திருந்தன. நான் வேகமாகக் கடக்கப் பார்த்தேன்.

"ஏ மருமவனே" என்றார். குரலில் கோபம் இல்லை. "எழுபது நாளா ரெண்டு ரெண்டு குடம் கொண்டாந்தியாமே. எங்க வச்சேன்னு தேடிக்கிட்டிருக்கேன். நீ பாத்தியா?"

பக்கத்து வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

மறுநாளிலிருந்து நான் தண்ணீர் சுமந்தேன். விடியும் முன் ஐந்து மணிக்கு எழுந்து, லயத்துப் பெண்கள் குழாயடிக்கு வரும் முன் இரண்டு நடை. குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாது, தோளில் வைத்தேன். முதல் நாள் பாதி என் மேலேயே கொட்டியது. அத்தை முந்தின இரவே குடங்களை வாசலில் வைத்துவிடுவார். நான் நிரப்பி வைத்துவிட்டுத் தட்டாமல் போய்விடுவேன். பேச வேண்டி வராது. ஆபீஸுக்குப் போய், நான் எழுதியது பொய், அக்காவைத் திருப்பி அனுப்புங்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். விருதுத் தேர்வு முகாமுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சொல்வதைவிடச் சுமப்பது எளிதாக இருந்தது.

ஏழாம் நாள் பால் வண்டிக்காரர் பார்த்துவிட்டார். டார்ச்சை என் முகத்தில் அடித்தவர், தோளில் குடத்தைக் கண்டதும் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"என்னலே மாப்ள, இப்பவே மாமியாருக்குத் தண்ணி சுமக்க ஆரம்பிச்சிட்டியா? பொண்ணு திருப்பூர்லல்லா இருக்கு. அங்க போயித் தூக்கு."

அன்று பள்ளிக்குப் போகும் ஜீப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "மாப்பிள்ளை வர்றாரு, இடம் விடு" என்றார்கள். அடுத்த நாள் நாலரைக்கு எழுந்தேன். மொத்தம் பதினோரு நாள் சுமந்தேன். அந்தப் பதினோரு நாளும் குறிப்பேட்டில் இல்லை. குறிப்பேடு அதற்கு முன்பே விண்ணப்பத்தோடு போய்விட்டது.

முகாம் மலைக்குக் கீழே, தொடுபுழா பக்கம் ஒரு பள்ளியில். ஐந்து நாள். கிளம்புவதற்கு முந்தின நாள், நான் இல்லாத ஐந்து நாளும் அத்தைக்கு யாராவது தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்லவில்லை. அம்மாவும் அந்த வாரம் அப்பாவின் தங்கை பிரசவத்துக்காகக் காந்தலூர் போகிறவராக இருந்தார். பையில் சோப்பு வைத்தேனா என்று மட்டும் கேட்டார்.

முகாமில் நேர்காணல் மூன்றாம் நாள். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். முடிச்சுகளைப் பற்றி ஒருவர் கேட்டார். முதலுதவியைப் பற்றி ஒருவர். நடுவில் இருந்தவர் அத்தை கையெழுத்திட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தச் சேவையைப் பற்றிச் சொல் என்றார். என் மலையாளம் அப்போது சுமார். ஆனால் நன்றாகச் சொன்னேன். முப்பத்து நான்கு படி என்றேன். ஆண்பிள்ளைகள் குடம் தூக்க மாட்டார்கள் என்றேன். பால் வண்டிக்காரர் கேலி செய்ததையும் சொன்னேன், அது உண்மை என்பதால் சொல்லும்போது குரல் தடுமாறியது. அவர்கள் மூவரும் எழுதிக்கொண்டார்கள். உண்மையான பதினோரு நாளை வைத்துப் பொய்யான எழுபத்தொரு நாளை நம்பவைத்தேன். அந்த அறையில் நான் செய்தது அதுதான்.

ஐந்தாம் நாள் பிற்பகல் மூன்றரைக்கு எங்கள் தோட்டத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். தேர்வாகிவிட்டேன் என்று சார் முகாமிலேயே கையைக் குலுக்கிச் சொல்லியிருந்தார். சீருடையில் இருந்தேன். மழை விட்டு வெயில் லேசாக வந்திருந்தது. விலக்கிலிருந்து லயத்துக்குக் குழாயடி வழியாகத்தான் ஏற வேண்டும்.

படியில் அத்தை இருந்தார். கொளுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் தார்ப்பாய்த் துண்டான படங்கைக் கட்டியிருந்தார், படி ஈரமாக இருந்ததால். படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பை மேல் படிக்குத் தூக்கி, உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி கையை ஊன்றினார். கழுத்தில் ஒரு பழைய துண்டு, அதில் தண்ணீர் பிடித்த ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்று கட்டித் தொங்கியது. ஒவ்வொரு தூக்கலுக்கும் அது நெஞ்சில் இடித்தது. கம்பை மடியில் குறுக்காக வைத்திருந்தார். எட்டாவது படியிலோ ஒன்பதாவதிலோ இருந்தார். மேலே இன்னும் இருபத்தைந்து இருந்தன. லயத்தில் அந்த நேரத்தில் யாரும் இல்லை, எல்லோரும் மலையில் கொளுந்து வேலையில்.

முதுகைப் படிக்குக் கொடுத்து ஏறியதால் அவர் முகம் கீழே பாதையைப் பார்த்திருந்தது. ஆனால் கண் கையிலும் படியிலும் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவர் நிச்சயமாக என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நான் அன்று நினைத்தேன்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே கவாத்து வெட்டும் ஆட்கள் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. சுற்றி ஏறி லயத்தின் பின்பக்கம் கொண்டுவிடும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதில் ஏறினேன். செடிகள் இடுப்பளவுதான், குனிந்து போனேன். சட்டைக் கைப் பட்டையில் கிளை மாட்டி நூல் பிரிந்தது. இருபது நிமிடம் கழித்துப் பின்பக்கமாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எவ்வளவு நேரம் கழித்து அவருடைய கதவுச் சத்தம் கேட்டது என்று கணக்கு வைத்திருந்தேன். நாற்பது நிமிடம்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஆறாம் வீட்டு வாசலுக்குப் போனேன். குடங்கள் வெளியே இல்லை. முதல் முறையாகக் கதவைத் தட்டினேன். அத்தை திறக்கவில்லை. உள்ளிருந்து பேசினார்.

"தண்ணி இருக்கு மருமவனே. நீ போயிப் படி."

வாசலை ஒட்டிய ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அடுப்புப் பக்கம் எண்ணெய்க் கேன் தெரிந்தது. அதில் தண்ணீர் கால்வாசிதான் இருந்தது. குடங்கள் இரண்டும் சுவர் ஓரம் கவிழ்ந்திருந்தன.

இன்று ஒரு தகவலை எழுதும் முன் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த விதிப்படி பார்த்தால் ஆபீசர் செய்தது சரி. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டார், அவர் ஆமாம் என்றார், கையெழுத்தும் போட்டார். அன்று காலை நானும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டேன். தண்ணீர் இருக்கிறது என்றார்.

"சரி அத்தை" என்றேன்.

திரும்பி நடந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய், ஊசியில் காக்கி நூல் கோத்து, பிரிந்த பட்டையைத் தைத்தேன்.