எழுதுனவங்களே அடிக்கோணும்

கோபாலபுரம் செக்போஸ்டிலிருந்து கேரளப் பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் வந்தால் என் அத்தை பழனாத்தாளின் தோப்பு. இரண்டு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் தக்காளி. தேங்காய் போட்டு வைக்கும் சாளையின் உள்சுவர் முழுக்கக் கரியால் எழுதிய கணக்கு. அதில் ஒரு வரிகூட அத்தை எழுதியதில்லை. அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயரின் ஆறு எழுத்துதான்.

மாமா இறந்த வருஷம் காய் எடுக்க வந்த ஒருவன் நூறு காயைக் குறைத்துச் சொல்லிவிட்டுப் போனான். மறுமுறை அவன் கையில் அத்தை ஒரு கரித்துண்டைக் கொடுத்தார். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். எத்தனை காய், என்ன விலை, வண்டி நம்பர், போன் நம்பர், தேதி எல்லாவற்றையும் வியாபாரியே சுவரில் எழுத வேண்டும். பணம் கொடுத்ததும் அவரே குறுக்கே கோடு இழுக்க வேண்டும்.

"எழுதுனவங்களே அடிக்கோணும். நானா அடிச்சா அது வாய்க்கணக்கு," என்பார்.

நான் அத்தையின் தம்பி மகள். பத்தாவது வரை மலையாளத்தில் படித்தேன்; பிறகு பொள்ளாச்சியில் தமிழில். அதனால் வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என்னிடம்தான் வரும். அத்தையின் போனில் பணம் ஏறியதா என்று பார்த்துச் சொல்வதும் நான்தான்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை போர்வெல் மோட்டார் புகைந்து நின்றது. தக்காளி அப்போதுதான் பூத்திருந்தது. மோட்டாரை மேலே இழுத்து, உள்ளே செம்புக் கம்பி புதிதாகக் கட்டி மறுபடி இறக்க முப்பத்திரண்டாயிரம் ஆகும் என்றார் மோட்டார்க்காரர் சின்னையன். பாங்கில் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் இருந்தது. எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை.

"அக்கவுண்ட் மரவிப்பிச்சிருக்கு சேச்சி," என்றார் பாங்க் ஆபீசர் ஷீனா.

முடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நான் தமிழில் சொல்வதற்குள் அத்தை கேட்டார்: "காலு மரத்துப்போனா உதறுனாச் செரியாப்போகும். இதை எப்படிங்க உதறுறது?"

ஷீனா சிரிக்கவில்லை. எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். வடக்கே எங்கேயோ ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைப் போலீஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டி, சேமிப்பை எல்லாம் வாங்கிவிட்டார்கள். அந்தப் பணம் ஒரே நாளில் நாலைந்து கணக்குகளுக்குத் தாவியிருக்கிறது. அதில் பதினெட்டாயிரத்து இருநூறு ரூபாய் அத்தையின் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. அந்த ஊர் சைபர் போலீஸ் நிறுத்தச் சொன்னதும் மொத்தக் கணக்கும் நின்றுவிட்டது.

"பதினெட்டாயிரத்து இருநூறுன்னா அறுநூத்தம்பது காயிங்க. இருவத்தெட்டு ரூவா மேனிக்கு," என்றார் அத்தை உடனே.

"பில் ஏதாச்சும் உண்டோ?"

"பில்லு இல்லீங்க. செவுரு இருக்குது."

அன்று சாயங்காலமே ஷீனா ஸ்கூட்டரில் தோப்புக்கு வந்தார். அது அவருடைய வேலை இல்லை. சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தார். நான் அந்த வரியைக் காட்டினேன். அறுநூற்றைம்பது காய், விலை, வண்டி நம்பர், காளிச்சாமி என்ற பெயர், குறுக்கே அவர் இழுத்த கோடு. ஷீனா போட்டோ எடுத்துக்கொண்டார்.

"காய் எடுத்தது காளிச்சாமி. பணம் போட்டது வேற ஆள். இதைத்தான் போலீஸ் கேக்கும். பணம் வந்தப்ப போன்ல பேரைப் பார்த்தது யாரு?"

பார்த்தது நான். இதுவரை கேள்விப்படாத பெயர். இருந்தும், தொகை சரியாக இருக்கிறதே என்று, "வந்துருச்சு அத்தை" என்று சொல்லியிருந்தேன்.

"நாந்தானுங்க பார்த்தேன்," என்றார் அத்தை.

அத்தை வாசிக்கத் தெரியாதவர் என்பது ஷீனாவுக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். "செரி சேச்சி," என்று போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அத்தை அவரிடமும் கரித்துண்டை நீட்டினார். "நீங்களும் எழுதிப்போட்டுப் போங்க."

"ஞானோ?"

"இந்தச் சாளைக்கு வந்தவங்க எல்லாரும் எழுதித்தான் இருக்கறாங்க."

ஷீனா மலையாளத்தில் எழுதினார். நான் படித்துச் சொன்னேன்: "பதினெட்டாயிரத்து இருநூறு மட்டும்தான் நிறுத்த வேண்டியது. மீதியை விடச் சொல்லி எழுதுகிறேன். அந்தப் பதினெட்டாயிரத்து இருநூறும் பிறகு கிடைக்க வேண்டும்." கீழே கையெழுத்து.

சுவரிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் மறுநாள் காலை காளிச்சாமி வந்தார். அவர் காய் கொடுக்கும் பெரிய வியாபாரி, "நானே நேரா போட்டுடறேன்" என்று அத்தையின் நம்பரை வாங்கியிருக்கிறார். எந்தக் கணக்கிலிருந்து போட்டார் என்று காளிச்சாமி கேட்கவில்லை.

"ஏப்பா காளிச்சாமி, பொண்ணு பாக்க வந்தவன் ஒருத்தன், தாலி கட்டுனவன் ஒருத்தனாட்ட இருக்குது உன்ற யாவாரம்."

"எனக்கும் அந்தாளு காசு வந்து அக்கவுண்டு மரத்துத்தான் கெடக்குதுங்கக்கா. டீக்குடிக்கக்கூட ஊட்டுல கையேந்தறேன்."

"அது ஒரு பக்கம் நல்லதுதான். டீயோட நிக்கும்," என்றார் அத்தை.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் காளிச்சாமி. போட்டோக்களையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து ஷீனா வடக்கே அனுப்பினார். பதில் வராதபோது போன் செய்தார். தனக்கு அவ்வளவாக வராத இந்தியில் தினமும் பேசினார்.

ஊரில் இதற்குள் "போலீஸ் புடிச்ச காசு" என்று பேச்சாகிவிட்டது. சின்னையன் கடனுக்கு மோட்டாரைத் தொட யோசித்தார். பக்கத்துத் தோட்டத்துத் தனபால் மட்டும் எதுவும் கேட்காமல் டிராக்டரில் தினம் ஒரு டேங்க் தண்ணீர் அனுப்பினார். நானும் அத்தையும் குடத்தில் மொண்டு செடி செடியாக ஊற்றினோம். அந்தப் பத்து நாளில் போனில் நான் பார்த்தும் சொல்லாமல் விட்ட அந்தப் பெயரைப் பற்றி அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அப்பாவிடமும் சொல்லவில்லை.

பதினொன்றாம் நாள் மீதிப் பணத்தை விடச் சொல்லி உத்தரவு வந்தது. மோட்டார் இறங்கியது. மேட்டுப் பக்கம் நாலு பாத்தி காய்ந்துவிட்டது, மற்றது பிழைத்தது. தனபால் வீட்டுக்கு முதல் கூடை போனது.

நிறுத்தி வைத்த பதினெட்டாயிரத்து இருநூறு ஆவணியில்தான் வந்தது. அதே வாரம் ஷீனாவுக்குத் திருச்சூருக்கு மாற்றல். கடைசி நாள் மாலை தோப்புக்கு வந்து, தான் எழுதிய வரியைத் தேடிப் பிடித்து, கரியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அந்த டீச்சரம்மாவுக்குக் காசு கெடைச்சுதுங்களா?" என்று அத்தை கேட்டார்.

"பாதிதான் கிட்டியிருக்கு சேச்சி."

அத்தை தலையை ஆட்டினார். ஸ்கூட்டரின் முன்பக்கம் பத்துத் தேங்காயைக் கட்டி வைத்தார். அதற்குச் சுவரில் எழுத வேண்டாம் என்றார்.

இப்போது காய் எடுக்க வருபவர்கள் இன்னொன்றும் எழுத வேண்டும்: பணம் யார் கணக்கிலிருந்து வரும் என்று. போனில் வருகிற பெயரைச் சுவரோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. "நாந்தானுங்க பார்த்தேன்" என்று அத்தை எனக்காகச் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் சுவரில் இல்லை. அதை நான் இங்கே எழுதியிருக்கிறேன்.