கோடு எது, கீறல் எது

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து ரசாயன அறைக்கு நான் ஏவலாள். சண்டை மூண்டு, ஜெர்மன் கண்ணாடிச் சாமான் தூத்துக்குடிக்கு வருவது நின்றுபோன சமயம். என் கையால் உடைந்தவை போக மிஞ்சியது ஒரே ஒரு பியூரெட். கை நீளத்துக்கு, விரல் மொத்தத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். மேலே பொடிப்பொடியாகச் செதுக்கிக் கறுப்பேற்றிய அளவுக்கோடுகள், அடியில் ஒரு திருகு.

அதில் பழுப்பாக ஒரு கறை. சோப்பு, சோடா, வெந்நீர், எதற்கும் அசையவில்லை.

“திங்கக்கிழமை பயலுவளுக்குப் பரீட்ச. இதயும் தொலைச்சீருன்னா வேற வேல பாத்துக்கிடும்வே” என்றார் சயன்ஸ் வாத்தியார். நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்த வேறு வேலை சாப்பிடுவதுதான்.

வீட்டில் புலம்பினேன்.

“ஒத்தக் குழாயக் கழுவவா மூணு நாளு?” என்றாள் மனைவி. “புளியும் உமிச்சாம்பலும் போட்டுத் தேயுங்க. எங்க வீட்டு அண்டாவுல மொகம் பாக்கலாம்.”

“அது கண்ணாடிடீ.”

“அப்போ மொகம் இன்னும் நல்லாத் தெரியும்லா.”

கறை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எனக்கு ஏனோ கேட்கத் தோன்றவில்லை. சேரன்மகாதேவி நெல்லின் உமிச்சாம்பலைப் புளியோடு சேர்த்து, வெளிப்புறத்தைத் தேய்த்தேன். உடையவில்லை என்பதே பெரிய சந்தோஷம். அலம்பிப் பார்த்தால் கறை அப்படியே இருந்தது. கோடுகளின் கறுப்பைத்தான் காணோம்.

விளக்குக் கரியைக் குழைத்துப் பூசித் துடைத்தேன். கோடுகள் வந்தன. சாம்பல் போட்ட கீறல்களும் கூடவே கறுத்து வந்தன. ஜெர்மன்காரர்கள் போட்ட கோடுகளைவிட நான் போட்டவைதான் அதிகம்.

வாத்தியார் அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுல கோடு எதுவே, கீறல் எதுவே?”

“எனக்கும் அதுதான் தெரியல ஐயா.”

“எத வச்சுத் தேய்ச்சீரு?”

“புளியும் சாம்பலும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “வெறும் புளித்தண்ணிய உள்ள ஊத்தி ஒருநா வச்சிருந்தாப் போயிருக்குமேவே.”

திட்டியிருந்தால் ஏதாவது பகடி பேசிச் சமாளித்திருப்பேன். அவர் கையை மட்டும் நீட்டினார். அறைச் சாவி என் அரைஞாணில் இருந்தது. இழுத்து அவிழ்க்கப் போனதில் முடிச்சு இன்னும் இறுகியது.

“பைய அவுரும்வே” என்றார். “ஒண்ணும் அவசரமில்ல.”